குதிரை அடையாளச் சான்று: பத்திரமின்றிக் குதிரை வாங்குதல்

குதிரையின் பிறப்பு, தாய் தந்தை, நிறம், உடற்குறிகள், இட்ட தடுப்பூசிகள், கைமாறிய வரலாறு ஆகியவற்றை ஒருங்கே கூறும் கையேட்டுக்கு அடையாளச் சான்று என்று பெயர். குதிரைப் பாஸ்போர்ட் என்பது உலக வழக்கு. இச்சான்று இல்லாமலே குதிரை விற்பதும் வாங்குவதும், கிண்டியிலிருந்து பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று தெற்கே நீண்டு, கிழக்கே கடற்கரைச் சாலைவரை பரந்துள்ள தென்சென்னைப் புறநகர்களில் நெடுநாளைய வழக்கம்.

இப்பகுதிக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழமையானது. சென்னைப் பீரங்கிப் படை 18ஆம் நூற்றாண்டிலேயே பரங்கிமலையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. கிண்டியில் பந்தயம் 1777ஆம் ஆண்டளவில் தொடங்கியதென்பர். 1974ஆம் ஆண்டில் மாநில அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், அது திறமையைச் சார்ந்த ஆட்டமேயன்றிச் சூதன்று என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2024 செப்டம்பரில் பந்தயத் திடலின் குத்தகையை ரத்துசெய்து அரசு அந்நிலத்துக்கு முத்திரையிட்டதும் பலரும் அறிந்த செய்திகள். நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறு. ஓடித் தளர்ந்தோ, கால் நரம்பு கெட்டோ, வெற்றி காணாமலோ லாயத்தை விட்டு வெளியேறும் குதிரை சவாரிப் பள்ளிக்கும், அங்கிருந்து கலியாண ஊர்வலக்காரருக்கும், இறுதியில் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் செல்பவருக்கும் கைமாறிச் செல்லுகையில், அதன் பத்திரம் முதல் உடைமையாளரின் மேஜை அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. விலை இறங்க இறங்கக் காகிதமும் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெள்ளைத் தாளில் எழுதிய ஒரு கைச்சீட்டாக முடிகிறது.

அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி வரப்படும் நாட்டுக் குதிரைக்கும் மட்டக் குதிரைக்கும் பெரும்பாலும் அந்தக் கைச்சீட்டும் இராது. தரகர் வாக்கே அங்கே சாசனம். பாண்டியனுக்காகப் பரி வாங்கப் பொருளோடு புறப்பட்ட மாணிக்கவாசகர் கதையில், இலக்கணம் பார்த்து ஏற்றுக்கொண்ட குதிரைகள் இரவோடிரவாக நரிகளாயின. காட்டிய குதிரைதான் கட்டுத்தறிக்கு வந்ததா என்ற ஐயம் நம்மவருக்குப் புதிதன்று என்பதற்கு இப்புராணமே போதும்.

பந்தயச் சாதிக் குதிரையாயின் நிலைமை சற்று எளிது. இச்சாதியின் வமிசப் பதிவேட்டைப் புனேயிலுள்ள இந்திய வமிசப் பதிவேட்டு ஆணையம் காத்துவருகிறது. இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டில் தொடங்கிய முறையின் வழிவந்தது இது. அண்மைக் காலத்துக் குதிரைகளின் கழுத்தில், இடப்புறம் பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே, அரிசியளவான மைக்ரோசிப் ஒன்று ஊசியால் செலுத்தப்பட்டிருக்கும். சிப்பைப் படிக்கும் கருவியை அங்கே வைத்தால் 15 இலக்க எண் தெரியும். அவ்வெண் கிடைத்துவிட்டால் குதிரையின் பெயரும் பெற்றோரும் வெளிப்படும். பிறகு பதிவேட்டில் கண்ட உடைமையாளரைத் தேடிப் பிடித்து, அவர் வாயிலாகவே புதிய பத்திரத்துக்கு முயலுவது உசிதம்.

சிப்பும் இல்லாதபோது உடலே பத்திரம். அடையாளச் சான்றிலுள்ள கோட்டோவியத்தில் வெள்ளைக் குறிகளைச் சிவப்பு மையாலும், மயிர்ச் சுழிகளைக் கறுப்பு மையால் பெருக்கல் குறியிட்டும் காட்டுவது சர்வதேச மரபு. வெண்சாம்பல் குதிரை பிறக்கும்போது கறுப்பாகவோ செம்மையாகவோ இருந்து ஆண்டுதோறும் வெளுத்துக்கொண்டே போவதால், நிறத்தை மட்டும் நம்பி அதனை அடையாளங்காண இயலாது; சுழியோ இடம் மாறுவதில்லை. அசுவ சாஸ்திரம் கற்றோரும் சந்தைத் தரகரும் ‘சுழி சுத்தமா’ என்று நெற்றியையும் கழுத்தையும் தடவிப் பார்ப்பது அதிர்ஷ்டத்தை எண்ணித்தான் என்றாலும், வாங்கிய நாளில் நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலா கீழா என்று குறித்து, நாற்புறமும் படமெடுத்து வைப்பவருக்கு அதே சுழி பின்னாளில் சாட்சியாகும்.

வயதைப் பல் சொல்லும். இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் முன்பற்கள் இணையிணையாக விழுந்து முளைத்து, ஐந்தாம் வயதில் வாய் நிறையும். மேல்தாடை ஓர முன்பல்லில் பத்து வயதளவில் ஈறோரமாகப் பழுப்புக் கோடொன்று தோன்றி, பதினைந்தில் பாதிவரையும் இருபதில் முனைவரையும் இறங்கும். இதுவும் உத்தேசமே; எனினும் ‘எட்டு வயசு’ என்று விற்பவர் சத்தியம் செய்யும் குதிரையின் கோடு பாதிப் பல்லைக் கடந்திருந்தால் சத்தியத்தைத் தள்ளிவிடலாம்.

அடையாளத்தைவிடப் பெரிய பிரச்சினைகள் இரண்டு: உரிமை, நோய். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, தனக்கில்லாத உரிமையை விற்பவர் பொதுவாகப் பிறருக்குக் கொடுக்க முடியாது; ஆகவே திருட்டுக் குதிரையை நல்ல விலை கொடுத்து வாங்கியவரும் அதனை இழக்க நேரும். முத்திரைத்தாளில் எழுதிய கிரயச் சீட்டில் குதிரையின் அங்க அடையாளங்களும், விற்பவரின் முகவரியும், இதற்குமுன் யாரிடம் வாங்கினார் என்பதும் இருத்தல் வேண்டும். இக்கடைசி வரியை எழுத மறுப்பவரிடம் பேரத்தை அத்துடன் நிறுத்துக.

நோய்களில் அஞ்சத்தக்கது கிளாண்டர்ஸ். மூக்கில் சளியும் புண்ணுமாகவும் தோலில் கட்டிகளாகவும் தோன்றும் இந்நோய் மனிதருக்கும் பரவும். இதற்கெனவே 1899இல் இந்தியாவில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரமில்லாக் குதிரைக்குச் சோதனை வரலாறும் இல்லை. இரத்தச் சோதனையின் முடிவு வரும்வரை அதனை வேறு குதிரைகளோடு சேர்க்காமலும், தண்ணீர்த் தொட்டியைப் பொதுவில் வைக்காமலும் இருக்க வேண்டும். 1985இல் ஹிசாரில் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இச்சோதனையைச் செய்கிறது. ஆலோசனைக்கு, 1903ஆம் ஆண்டு முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்து வாங்கிய குதிரை சவாரிக்கும் வளர்ப்புக்கும் தடையின்றிப் பயன்படும். வமிசப் பதிவில் சேராதவரை அங்கீகாரம் பெற்ற பந்தயத்தில் ஓடவோ, பந்தயச் சாதிப் பொலிகுதிரையாகவோ அதற்கு இடமில்லை; ஆதலால் வமிசப் பெருமை பேசிக் கேட்கும் தொகையைத் தள்ளி, சவாரிக் குதிரையின் விலையையே கொடுக்க வேண்டும்.