கொய்னாவும் பதினான்கு நாள்களும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் குடியிருப்புகளில் மலேரியாவை 'முறைக்காய்ச்சல்' என்று சொன்ன தலைமுறை, அதன் மருந்தைக் 'கொய்னா' என்றது. அம்மருந்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையார் பெரு நாட்டுச் சிங்கோனாப் பட்டையை உரோமைக்குக் கொண்டு சேர்த்தனர். ஐரோப்பியர் அதனை இயேசு சபையார் பட்டை என்றே அழைத்தனர். அப்பெயர் காரணமாகவே அதனை ஐயுற்ற பிற சபையினரும் இருந்தனர். காய்ச்சல் அந்த வேற்றுமையைப் பார்க்கவில்லை!

1860-இல் சிங்கோனா நீலகிரிக்கு வந்தது. உதகைத் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்கைவர், பட்டை உரித்த இடத்தைப் பாசியால் மூடிப் புதுப்பட்டை வளரச் செய்தார். நடுவட்டத்தில் கொய்னா ஆலையும் எழுந்தது.

1934-இல் ஜெர்மனியில் உருவான குளோரோகுயின், உலகப் போருக்குப் பின் கொய்னாவைப் பின்தள்ளியது. விலையும் மலிவு. கொசுவுக்கு டி.டி.டி., கிருமிக்குக் குளோரோகுயின் என்று 1958-இல் நம் நாடு மலேரியா ஒழிப்பில் இறங்கியது. 1965-இல் நோயாளர் ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தனர். 1976-இல் 64 லட்சத்தைக் கடந்தனர். இடையே 1973-இல், அசாமின் கார்பி ஆங்லாங் பகுதியில், குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் கிருமி கண்டறியப்பட்டது. கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தை வெளியே தள்ளவல்ல சில பிழைக்கின்றன. மற்றவை மடிய, அவையே பெருகுகின்றன.

மாற்று மருந்து சீனத்தில் கிடைத்தது. பழைய மருத்துவ ஏடுகளைத் துருவிய து யூயூ என்ற அம்மையார், நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடியிலிருந்து 1972-இல் ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015-இல் நொபெல் பரிசு பெற்றார். ஃபால்சிபாரத்துக்கு அம்மருந்தைத் துணைமருந்தோடு சேர்த்தே தரவேண்டும் என்று 2010-இல் இந்தியா விதித்தது. வடகிழக்கில் அத்துணைமருந்தும் தளர்ந்தமையால், 2013-இல் அங்கே அதனையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சென்னையின் கதை சற்றே வேறு. இங்கு நோயைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொசு, கிணறு, மேல்நிலைத் தொட்டி, பீப்பாய் ஆகியவற்றின் தெளிந்த நீரில் முட்டையிடுவது. இங்கு மிகுதியாகக் கண்டது விவாக்ஸ் கிருமி. குளோரோகுயின் மூன்று நாள்; ஈரலில் உறங்கும் கிருமியை அழிக்கப் பிரைமாகுயின் பதினான்கு நாள். காய்ச்சலோ இரண்டு மூன்று நாள்களில் தணிந்துவிடும். துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு மூட்டை சுமப்பவர் மறுநாளே வேலைக்குத் திரும்புகிறார். எஞ்சிய மாத்திரைகள் அலமாரியில் கிடக்கின்றன. அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல் மீளும்போது, "மருந்து இப்போதெல்லாம் கேட்பதில்லை" என்கிறார்கள் வீட்டார். அசாமில் அது உண்மை. இங்கே பெரும்பாலும், உண்ணாமல் விட்ட மாத்திரைகளின் கணக்கு அது.