முந்திரி ஏன் 320-இல் ஒரு பங்கு?

ஐந்தாம் வகுப்புக் கணக்கில் காரணி, மடங்கு என்று ஒரு பாடம் உண்டு. 12-இன் காரணிகளை எழுது, 16-க்கும் 20-க்கும் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடி. பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். "இது எதுக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம்தான் விழிப்போம். பதில் நம்முடைய பழைய எண்சுவடியில் இருக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கங்களில் இரண்டு குடும்பங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, பாதி பாதியாக வெட்டுவது: அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16). இன்னொன்று, இருபதாக வெட்டுவது: மா (1/20), இருமா (1/10), நான்மா (1/5).

ஒரு வீசத்தையும் ஒரு மாவையும் கூட்டவேண்டும் என்றால் என்ன செய்வது? இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கிற ஒரு சின்னத் துண்டு வேண்டும். 16, 20 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 80. அந்த 1/80-க்குத்தான் காணி என்று பெயர். மா என்றால் 4 காணி, வீசம் என்றால் 5 காணி. கூட்டினால் 9 காணி, அவ்வளவுதான். வீசத்தின் இன்னொரு பெயரைப் பாருங்கள்: மாகாணி. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 5 காணி, அதாவது 1/16. பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது.

காணியை நாலாக வெட்டினால் முந்திரி, 1/320. ஏன் இன்னும் வெட்டவேண்டும்? 80-ஐ நாலு தடவைதான் மிச்சமில்லாமல் பாதியாக்க முடியும். 320-ஐ ஆறு தடவை முடியும். காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். 320 என்பது 16 × 20 என்பதையும் பாருங்கள். அதனால் 1/20 ஆகிய மாவுக்கு 16 முந்திரி, 1/16 ஆகிய மாகாணிக்கு 20 முந்திரி. காரணி ஜோடி என்று வகுப்பில் சொல்கிறோமே, அதேதான். (முந்திரிக்குக் கீழேயும் கீழ்முந்திரி என்று இறங்கிப் போகும். அது இங்கே வேண்டாம்.)

சரி, மூணு பேருக்குப் பங்கு போட? இங்கேதான் சிக்கல். 320-க்கு 3 காரணி இல்லை. ஆனால் நெல் அளவைக்கு வந்தால் கதை வேறு. 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்கு 96 நாழி. கலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தனிப்பெயரே இருக்கிறது: தூணி!

ரூபாயும் அப்படித்தான் இருந்தது. 16 அணா, அணாவுக்கு 12 தம்படி, ஆக 192. ஒரு அணா என்பது ரூபாயில் மாகாணி. எண்சுவடி படித்தவர்களுக்கு அது புதுக் கணக்கே இல்லை. மூணு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 அணா 4 தம்படி, மிச்சம் கிடையாது. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. எழுதிக் கணக்குப் போடுவது சுலபமாயிற்று. ஆனால் மூணு பேருக்குப் பிரித்தால் ஒரு பைசா மிஞ்சும். அணாவின் மதிப்போ ஆறேகால் பைசா.

பழசுதான் உசத்தி என்று சொல்லவரவில்லை. அந்தச் சுவடிகளை எல்லார் வீட்டுப் பிள்ளையும் படிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கும், நெல்லை விளைவித்த பலருடைய பிள்ளைகளுக்கும் திண்ணை எட்டாத இடமாகவே இருந்தது. களத்துமேட்டில் கணக்கப்பிள்ளை சொன்ன பங்கு சரியா என்று பார்க்கக் கணக்கு தெரியவேண்டுமே! தெரியாதவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அந்தப் பாடம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாமே.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 100, 192, 320 மூன்றுக்கும் காரணிகளை எழுதச் சொல்லுங்கள். 192-க்கும் 320-க்கும் 14 வரும். 100-க்கு 9தான். ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும்.