துண்டும் திறவுகோலும்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துண்டு நினைவிருக்கும். தரகர் தன் கைமேலும் எதிராளியின் கைமேலும் துண்டைப் போடுகிறார். அதற்கடியில் விரல்கள் பேசிக்கொள்கின்றன. பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் தொகை. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தவனுக்குத் தெரியும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு விலையைத் தவிர மற்ற எல்லாம் தெரிகிறது. அப்பாவோடு போய் நின்ற வயதில் இது எனக்கு மாயமாக இருந்தது. மாயமல்ல, சங்கேதம் என்று புரியப் பல வருஷங்கள் ஆயின.

சங்கேதத்துக்குத் தமிழ் இலக்கணம் இடம் கொடுத்திருக்கிறது. பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்தைப் பவணந்தியின் ஊர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுகிறோம். அவருடைய நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து, ஒன்றைக் குழூஉக்குறி என்கிறது: ஒரு கூட்டத்தார் பிறர் அறியாமல் தமக்குள் வழங்கும் சொல். உதாரணங்களை உரைகள் தருகின்றன. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றார்கள். யானைப்பாகர் ஆடையைக் காரை என்றார்கள். வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றார்கள். கடைசிச் சொல்லில் ஒரு விஷமம் இருக்கிறது. மறைப்பதற்காக வைத்த பெயரே, எது மனிதனை உளற வைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் உரையில் ஏறிய குழூஉக்குறி செத்த குழூஉக்குறி. அதைப் படித்தவன் முன்னால் பொற்கொல்லர் பறி என்று சொல்லிப் பயனில்லை. இத்தகைய சங்கேதத்தின் பலம் முழுவதும் கூட்டத்தின் வாய்க்கட்டில் இருக்கிறது; முறை வெளியானால் மிச்சம் எதுவுமில்லை. அதனால்தான் அது தொழிலுக்குள்ளேயே, நம் ஊரில் தொழில் என்றால் பெரும்பாலும் சாதிக்குள்ளேயே, கைமாறி வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதற்கு எதிரான நியாயத்தை 1883இல் அகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸ் ராணுவ சங்கேதங்களைப் பற்றி எழுதும்போது சொன்னார்: முறை எதிரியின் கைக்குப் போனாலும் கேடு வரக்கூடாது, ரகசியம் திறவுகோலில் மட்டும் இருக்கவேண்டும். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் இன்னும் ஒரு படி போனார்கள். முன்பின் அறியாத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் இடத்தில் பேசியே, தங்கள் இருவருக்கு மட்டுமான திறவுகோலை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். அதாவது துண்டே வேண்டாம். 1991இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளைச் சாதாரண மனிதனின் கணினிக்குக் கொண்டுவந்தார். ஆயுத ஏற்றுமதி விதிகளை மீறினாரா என்று அமெரிக்க அரசு அவர்மீது நடத்திய விசாரணை 1996இல்தான் கைவிடப்பட்டது. 1999இல் ஜெர்மனியில் வெர்னர் கோஹ் அதற்கு இணையான ஜிபிஜியின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பயன்படுத்துவதும் எளிது. கட்டளை வரியில் ஜிபிஜி என்று அடித்து, ஒரு சிறுகோடு, சி என்ற ஆங்கில எழுத்து, பிறகு கோப்பின் பெயர். கடவுச்சொல்லைக் கேட்கும், கொடுத்தால் பக்கத்திலேயே பூட்டிய நகல் ஒன்று உருவாகும். மூலம் அப்படியே கிடக்கும், அதை நாம்தான் அழிக்கவேண்டும். சி இருந்த இடத்தில் டி போட்டு அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் பிரதி திரையில் விரியும். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற கேள்வி கிடையாது.

மூலத்தை அழிக்கப் பலர் மறந்துவிடுவார்கள். திருப்பூரில் இருந்த என் நண்பர் மறக்கவில்லை. பத்து வருஷக் கவிதைகளை ஒரே கோப்பில் பூட்டி வைத்துவிட்டுப் போன வருஷம் இறந்துபோனார். மடிக்கணினியைக் கொண்டுவந்த அவர் மனைவி கேட்டார்: “ஏனுங்ண்ணா, பேங்க்ல இருக்கறீங்க, இதத் தொறக்க முடியாதுங்களா?”

லாக்கர் சாவி தொலைந்தால் வங்கியில் வழி உண்டு. கம்பெனி ஆள் வந்து சாட்சிகள் முன்னிலையில் துளைபோட்டு உடைப்பார். இந்தக் கோப்புக்குத் துளைபோட இடமில்லை. மகளின் பெயர், ஊரின் பெயர், அச்சில் வந்த முதல் கவிதையின் தலைப்பு என்று நான் அடித்துப் பார்த்தவை எதுவும் பலிக்கவில்லை.

‘எழுத்து’ தொடங்கிய 1959 முதல் புதுக்கவிதையைச் சங்கேதம் என்று பழிப்பவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். 1971இல் கோவையில் புறப்பட்ட வானம்பாடிகளுக்கும் அந்த இருண்மைமேல் கோபம் இருந்தது. நண்பர் கவிதைகளையும் புரியவில்லை என்றவர்கள் உண்டு. நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். கஷ்டமான கவிதை பாதி புரியும், மறுபடி படித்தால் இன்னும் கொஞ்சம் புரியும், தப்பாகப் புரிந்தாலும் ஏதோ ஒன்று கிடைக்கும். பூட்டிய கோப்பில் பாதி என்பதே இல்லை. கடவுச்சொல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் கவிதைகளில் அச்சேறிய சில மட்டும், புரியாதவை என்று நாங்கள் சொன்னவை மட்டும், இன்று யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கின்றன.

பறியும் காரையும் நம்மிடம் வந்து சேர்ந்தது, யாரோ ஒருவர் எப்போதோ வெளியே சொல்லிவிட்டதால்தான். அரசுக்கும் அதிகாரத்துக்கும் பயந்து எழுதுகிறவனுக்குப் பூட்டு அவசியம்; அதை நான் மறுக்கவில்லை. என் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்பதை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.