தொடையின் மூலகங்களை எண்ணல்: ஒரு வரலாற்று நோக்கு

"எத்தனை?" என்னும் வினா எளியது. ஆயினும் அதற்கு விடை காணுமுன், எவை ஒன்று, எவை வேறு எனத் துணிதல் வேண்டும். கணனிச் செய்நிரல் மொழிகளின் வரலாற்றைக் கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

தொடைக் கொள்கைக்கு அடித்தளமிட்ட ஜேர்மன் கணிதவியலாளர் ஜோர்ஜ் கன்ரர், மூலகங்களின் இயல்பையும் வரிசையையும் நீக்கி நோக்குமிடத்து எஞ்சுவதே தொடையின் எண்ணளவு என 1895 இல் விளக்கினார்.

1970 இல் நிக்கிளவுஸ் விர்த் சூரிச்சில் வெளியிட்ட பஸ்கல் மொழி, தொடையை ஒரு தரவு வகையாக ஏற்றது. தொடை பொதுவாகத் துவித இலக்கங்களின் நிரலாக வைக்கப்பட்டது: மூலகம் உளதாயின் 1, இலதாயின் 0. ஒன்றிப்பும் இடைவெட்டும் இதனால் எளிதாயின. ஆயினும் 1983 ஆம் ஆண்டின் சர்வதேச நியமத்திற்கூட மூலகங்களை எண்ணும் சார்பு இடம்பெறவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தே எண்ண நேர்ந்தது.

துவித எண்ணிலுள்ள ஒன்றுகளை எண்ணும் குறுக்குவழியொன்றை பீற்றர் வெக்னர் 1960 இலேயே வெளியிட்டிருந்தார். எண்ணிலிருந்து 1 ஐக் கழித்து, அவ்விரண்டிலும் பொதுவாக 1 உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டால், வலக்கோடியிலுள்ள 1 மறையும். 1100 என்பது முதலில் 1000 ஆகும், பின்னர் பூச்சியமாகும். இரு தடவை செய்தமையால் விடை 2.

நியூயோர்க்கில் ஜேக்கப் சுவாட்ஸ் உருவாக்கிய செற்எல் மொழியோ, எண்ணளவைத் தனியொரு குறியாற் பெறும் வசதியை அளித்தது. 2004 இல் பைதன் மொழியின் உள்ளமைந்த வகையாகிய தொடையில், மூலகம் சேருந்தோறும் தொகை குறித்துவைக்கப்படுகின்றது. ஆதலின் எண்ணுதற்கு நேரம் செலவாவதில்லை. ஒரே மூலகம் மீண்டும் வரின் அது கணக்கிற் சேராது.

இங்குதான் தமிழாய்வாளர் விழிப்பாயிருத்தல் வேண்டும். யூனிகோட் முறையில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம்; எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணனிக்கோ வேறு. 'கொடி' என்னும் சொல் இருவகையாலும் பதியப்பெறின், தொடை அதனை இரு சொற்களாகவே எண்ணும். எனவே ஒரு நூலின் தனிச்சொற்களைத் தொகையிடுவோர், பதிவுகளை முதலில் ஒருமுகப்படுத்தல் இன்றியமையாதது. எண்ணுவது பொறியின் பணி. எது ஒன்று எனத் தீர்மானிப்பது நம் பணி.