மொழி கற்ற தூதரும் மொழி கல்லாத் தூதரும்

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தமையால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் இங்குப் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற மில்ன் என்பவர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகித் தேர்ந்தவர். காட்டை அழித்துச் செடி நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளுள் மிகப் பல தமிழர் கைகள். லயங்களில் தமிழ் ஒலித்தது. பெரட்டுக் களத்தில் தமிழ் ஒலித்தது. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. தோட்டத்துக்குள் தமிழ்ப்பள்ளியும் அமைந்தது.

இத்தகைய தோட்டச் சமுதாயத்தை வெளியுலகிலிருந்து நாடி வந்தோர் பலவகையினர். துரை வந்தார், மருத்துவர் வந்தார், சமயத்தூதரும் வந்தார். யாவராயினும் தொழிலாளியிடம் ஒன்றைச் சொல்ல விரும்பினால், அவர்தம் மொழியில் சொல்லுதல் வேண்டும். எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை உணராமல் பெருமுயற்சி செய்து தோற்றவர் உண்டு. உணர்ந்து நிலைத்தவரும் உண்டு. பிறநாடு சென்று ஊழியம் செய்யும் இளைஞர்களின் அன்றாட வாழ்வை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்தல் நலம் பயக்கும். இதற்குச் சிறந்த சான்றாவோர் அமெரிக்க நாட்டு மார்மன் சமயத்தூதர் ஆவர்.

பதினெட்டு வயது மூப்பர்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது 1830ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பட்டது. ‘மார்மன் நூல்’ என்பதை விவிலியத்தோடு ஒப்ப மதிப்பதால் இச்சபையார் மார்மன்கள் எனப்பட்டனர். இவர்தம் தலைமையிடம் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரம். சபையின் இளைஞர்கள் இரண்டாண்டுக் காலம் தாம் விரும்பிய ஊருக்கன்றித் தலைமை அனுப்பும் ஊருக்குச் சென்று ஊழியம் புரிதல் இவர்களிடையே வழக்கம். 2012ஆம் ஆண்டு முதல் ஆண்கள் பதினெட்டு வயதிலேயே செல்லலாம். பெண்களுக்கு ஊழியக் காலம் பதினெட்டுத் திங்கள். இவர்களுக்கு ஊதியம் இல்லை. செலவைத் தாமும் குடும்பத்தாருமே பெரும்பாலும் ஏற்கின்றனர்.

மீசை முளைக்கும் பருவத்து இளைஞன் இவ்வூழியத்தில் ‘மூப்பர்’ என்று அழைக்கப்படுகிறான். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் மார்பில் கறுப்புப் பெயர்ச் சின்னமும் அவன் அடையாளங்கள். தனியே செல்லுதல் ஆகாது. எப்பொழுதும் தோழன் ஒருவன் உடனிருத்தல் வேண்டும். காலை 6.30க்கு எழுதல், இரவு 10.30க்கு விளக்கணைத்தல் என்பது நெடுங்கால நியதி. 2017ஆம் ஆண்டில் இந்நியதி இடத்துக்கேற்பச் சற்றுத் தளர்த்தப்பட்டது. காலையில் மறைநூற் படிப்பு, மொழிப் படிப்பு. பின்னர் வீடு வீடாகச் செல்லுதல். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் பொருள் வாங்கவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் ஓய்வு. முன்பெல்லாம் பெற்றோரோடு ஆண்டுக்கு இருமுறையே தொலைபேசியில் பேசலாம். 2019 முதல் வாரந்தோறும் பேச இசைவு உண்டு.

இவ்வொழுங்குகளுள் கருதத்தக்கது மொழிப் படிப்பே. 1961ஆம் ஆண்டில் யூட்டாவின் புரோவோ நகரில், புறப்படும் தூதர்க்கு மொழி கற்பிக்கவென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. செல்லும் நாட்டின் மொழியை அறியாமல் செல்லுதல் வீண் என்பதைச் சபை உணர்ந்ததன் பயன் அஃது. அவ்வுணர்வுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தமிழகத்தில் ஒரு கசப்பான அனுபவம் நேர்ந்திருந்தது.

சென்னை வந்த தூதர்

1852ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சால்ட் லேக் நகரில் கூடிய பெருமன்றத்தில், உலகின் பல பாகங்களுக்கும் செல்ல நூற்றுக்கு மேற்பட்டோர் நியமிக்கப்பட்டனர். அவருள் ஒன்பதின்மர் இந்தியாவுக்கும் நால்வர் சயாமுக்கும் குறிக்கப்பட்டனர். பையில் பணமின்றிச் செல்லுதல் அவர்தம் கொள்கை. வழியில் கிடைக்கும் அன்பே உணவும் கப்பற்கட்டணமும் ஆகவேண்டும். அவ்வாறே பொருள் திரட்டி, 1853 ஜனவரி இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் ‘மான்சூன்’ என்னும் கப்பலேறி, ஏப்ரல் இறுதியில் கல்கத்தாவை அடைந்தனர். கூட்டத்தில் இளையவரான மில்டன் மசருக்கு அப்போது வயது இருபத்திரண்டே.

சென்னைக்கு உரியவராய் வந்தவர் ரிச்சர்டு பாலன்டைன். அவர் ஸ்காட்லாந்தில் 1817இல் பிறந்தவர். 1849இல் சால்ட் லேக் நகரில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மனைவி மக்களை விட்டுப் பிரிந்து வந்தவர். அவரோடு வந்த ராபர்ட் ஸ்கெல்டன் முப்பது நிரம்பாதவர். 1853 ஜூலைத் திங்களில் இவர்கள் சென்னைக் கரையை அடைந்தனர். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட, மசூலாப் படகில் ஏறி அலைகளைக் கடந்தே எவரும் கரை சேர்தல் வேண்டும்.

கரை சேர்ந்த பின்னரும் அலைகள் ஓயவில்லை. பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்தது அதே 1852ஆம் ஆண்டுப் பெருமன்றத்தில்தான். அச்செய்தி இந்தியப் பத்திரிகைகளிலும் பரவியது. ஆங்கிலேயப் பாதிரிமார் எதிர்த்து எழுதினர். பாலன்டைன் மறுப்பு நூல் எழுதி அச்சிட்டார். 1854இல் திங்களிதழ் ஒன்றையும் நடத்தினார். எழுத்து ஆங்கிலம், சொற்பொழிவு ஆங்கிலம், கேட்டோர் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. சுற்றிலும் தமிழும் தெலுங்கும் பேசிய பெருமக்கட்கூட்டம், அவ்விருவரின் நாட்களில் வழிப்போக்கராகவே கடந்து சென்றது. ஓராண்டு உழைப்பில் சேர்ந்தோர் மிகச் சிலரே. உடல்நலம் குன்றிய பாலன்டைன் 1854 ஜூலையில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். சயாமுக்குக் குறிக்கப்பட்டோருள் இருவர் இலங்கையில் இறங்கி, அங்கும் வரவேற்பின்றி விரைவில் நீங்கினர்.

ஒரே நகரம், ஒரே காலம்

அச்சமயம் சென்னையிலேயே மற்றோர் அமெரிக்கர் இருந்தார். அவர் மிரன் வின்ஸ்லோ. யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தமிழறிஞரோடு அமர்ந்து தமிழ் பயின்றவர். அவர் தொகுத்து முடித்த தமிழ் - ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. தெற்கே இடையன்குடியில், இருபத்து மூன்று வயதில் சென்னைக்கு வந்த கால்டுவெல், தமிழையும் அதன் இனமொழிகளையும் ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தியாவில் எஞ்சியிருந்த ஸ்கெல்டன் 1856இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார். அவரோடு அம்முதல் முயற்சி முடிவுற்றது. அதே 1856ஆம் ஆண்டில் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்தது.

இன்னும் முன்னோக்கிச் சென்றால் சீகன்பால்கு நிற்கிறார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கும் வயது இருபத்து நான்கை எட்டும் நேரம். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, சிறுவர்களோடு சேர்ந்து தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். அழகப்பன் என்பவர் அவருக்குப் பேச்சுத்தமிழ் பயிற்றினார். சில ஆண்டுகளில் தமிழ் ஏடுகளைத் திரட்டிப் படித்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிற்கும் தந்தார். 1719இல் அவர் அங்கேயே உயிர்நீத்தார்.

மார்மன் தூதர் தோற்றமைக்கு மொழி ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. பலதார மணம் பற்றிய செய்தி, கையில் பொருளின்மை, பள்ளியோ மருத்துவமனையோ நடத்தாமை, சேர்ந்தவர் யாவரும் யூட்டாவுக்கே குடிபெயர வேண்டும் என்ற கொள்கை ஆகியனவும் காரணங்களே. அவர்களுள்ளும் மொழியின் அருமை உணர்ந்தார் உண்டு; பூனாவில் பணிபுரிந்த ஹியூ ஃபின்ட்லே மராத்தி கற்க முற்பட்டார். ஆயினும் பிற தடைகள் வந்தோரை மறுக்கச் செய்தன. மொழித் தடையோ தமிழர் பெரும்பாலோரை வந்து கேட்கவே விடாமற் செய்தது. கேட்டபின் ஏற்பதும் தள்ளுவதும் அவரவர் உரிமை. கேட்கும் வாய்ப்பையே தாராதது ஓராண்டு ஊழியத்தின் பெருங்குறை.

மலைத்தோட்டத்துத் தமிழ்

பாலன்டைன் சென்னையை விட்டு நீங்கிய அதே 1854ஆம் ஆண்டில், இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளுக்கென ஆங்கிலத் திருச்சபையார் ஒரு மிஷனைத் தொடங்கினர். அவர்கள் ஐரோப்பியரைத் தோட்டந்தோறும் அனுப்பி அமையவில்லை. திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்களை வரவழைத்தனர். ஊர்ப்பெயர் சொன்னால் தெரிந்துகொள்ளும் மனிதர், உறவுமுறை சொல்லி விளிக்கும் மனிதர், லயத்து வாசலில் வந்து நின்றார். சென்னையில் கிடைக்காத செவி மலையில் கிடைத்தது.

தோட்டத் துரைமாரும் தமிழ் கற்றனர். ஆனால் அவர் கற்ற தமிழின் தன்மை வேறு. இலங்கையில் சின்னதுரைமாருக்கென எழுந்த கையடக்கத் தமிழ் வழிகாட்டி ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாம். ஃபெர்குசன் என்பார் எழுதிய அந்நூலின் தலைப்பு ஒன்றே போதும். தோட்டத்து உறவு முழுவதும் அவ்வேவல் வினைமுற்றில் அடங்கிவிடுகிறது. மலாயாவிலும் 1919இல் அமைந்த தோட்டத் துரைமார் சங்கம் தன் உறுப்பினர்க்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது. தமிழ் தெரிந்தாலன்றி நூறு பேரை வேலை வாங்க இயலாது என்பதைத் துரைமார் நன்கறிந்திருந்தனர். இலங்கையில் பயின்ற தோட்ட வழக்கங்களே கேமரன் மலைக்கும் வந்தன. துரை, கங்காணி, கிராணி, பெரட்டு, லயம் என்னும் சொற்கள் இருநாட்டுத் தோட்டங்களுக்கும் பொதுவாதல் காண்க.

எனவே மொழி கற்றல் என்பதனுள்ளும் இருவகை உண்டு. வேலை வாங்கக் கற்பது ஒன்று. உரையாடக் கற்பது மற்றொன்று. முன்னதற்கு ஏவல் வினைகள் ஐம்பது போதும். பின்னதற்கு ‘வாங்க’ என்பதும் ‘உட்காருங்க’ என்பதும், அண்ணன் யார், அக்காள் யார், பெரியவர் யார் என்பதும் தெரிதல் வேண்டும். மணலில் எழுதிய சீகன்பால்கு இரண்டாவதைக் கற்றார். சென்னையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பாலன்டைன் இரண்டையும் கற்கவில்லை.

பிற்கால மாற்றம்

மார்மன் சபை தன் அனுபவத்தால் பாடம் பெற்றது எனலாம். 1969இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தென்கிழக்காசிய மிஷனை அமைத்தது. 1980களில் மார்மன் நூலின் தெரிந்தெடுத்த பகுதிகள் தமிழில் வெளிவந்தன. 1993இல் பெங்களூரில் இந்திய மிஷன் ஏற்பட்டது. 1853இல் கரையேறிய தூதரின் கையில் இல்லாத தமிழ் ஏடு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்தே கிட்டியது.

கேமரன் மலையும் மாறிவிட்டது. இன்று அத்தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டுத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குச் சென்றுவிட்டன. முன்பு தமிழரிடம் பேச வந்த துரைக்கு இருந்த கடமை, இன்று தோட்டத்தில் எஞ்சிய தமிழருக்கும் வந்துள்ளது. பக்கத்து லயத்தில் குடியேறிய வங்காள இளைஞனும் தாய் தந்தையை விட்டு வந்தவனே. அவனும் வாரத்துக்கு ஒருமுறை வீட்டாரோடு பேசக் காத்திருப்பவனே.

ஆசிரியர் பெருமக்கள் இவ்வரலாற்றில் கருதவேண்டிய செய்தி ஒன்று உளது. தரங்கம்பாடித் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் பெயர் பரவலாக அறியப்படவில்லை. ஆயினும் சீகன்பால்குவின் தமிழ்ப்பணி அனைத்திற்கும் அடிப்படை அவரிட்ட அகரமே. மலாய் நாட்டுக் கூட்டரசில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டும் என்றது. அப்பள்ளிகளில் குறைந்த ஊதியத்திற்கு உழைத்தவர்களும் அவர்போன்ற பெயர் பரவாத ஆசிரியர்களே. அயலான் ஒருவன் தமிழ் கற்க வந்து நிற்கையில், அவனுக்கு முதற்சொல்லைத் தேர்ந்து கொடுப்பவர் ஆசிரியர். அது ‘இங்கே வா’ ஆகாமல் ‘வாங்க’ என்பதாக அமையுமாயின், அவன் எச்சமயத்தைப் பேசினும் எத்தொழிலைச் செய்யினும், மனிதரை மனிதராக மதித்துப் பேசத் தொடங்குவான்.