தேயிலை மலையிலிருந்து பந்தயப் பாதைக்கு: வேலைக்குப் போகும் பைக்கை குறைந்த செலவில் தயார்படுத்துவது எப்படி?

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் அவிசாவளை - ஹட்டன் வீதியில் வளைவுக்குப் பின் வளைவாக வந்துகொண்டே இருக்கும். விடுமுறை நாட்களில் அந்த வளைவுகளில் தங்கள் மோட்டார் சைக்கிளின் வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் இளைஞர்கள் இங்கு குறைவில்லை. ஆனால் அதே வீதியில்தான் பஸ் வண்டியும் கொழுந்து லொறியும் பாடசாலைப் பிள்ளைகளும் வருகிறார்கள். மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் அடுத்த வளைவில் என்ன நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. வேகமாக ஓட வேண்டும் என்ற ஆசைக்குப் பொருத்தமான இடம் மூடிய பந்தயப் பாதைதான். அங்கே எதிரே வாகனம் வராது, எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், வழுக்கி விழுந்தாலும் பாதுகாப்புக் கல்லிலோ மண்மேட்டிலோ மோதும் வாய்ப்பு குறைவு.

இப்படிப் பந்தயப் பாதையைத் திறந்துவிட்டு, போட்டியாக இல்லாமல் சாதாரண ஓட்டுநர்களை ஓட விடும் நாளை ஆங்கிலத்தில் ‘ட்ராக் டே’ என்பார்கள். பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை. பணக்காரர்களின் விளையாட்டு என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் தினமும் வேலைக்குப் போகும் 150 சிசி வண்டியே இதற்குப் போதும். எதற்குச் செலவழிப்பது, எதற்குச் செலவழிக்கக் கூடாது என்பதில் தெளிவு இருந்தால் சரி.

எங்கே ஓடலாம்?

மோட்டார் பந்தயம் மலையகத்துக்குப் புதிதல்ல. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு, துரைமாரின் காலத்தில் தொடங்கியது. ரதல்லையிலும் மலையேற்றப் போட்டி நடந்துவருகிறது. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா நகரில் வீதிப் பந்தயம் நடைபெறுவதும் வழக்கம். ஆனால் இவை எல்லாம் போட்டிகள். முதன்முறை ஓடுபவருக்கு ஏற்ற இடம் தாழ்நிலத்தில் உள்ள தார்ப் பாதைகளே. களுத்துறை மாவட்டத்தின் கட்டுகுருந்தவும் குருநாகல் மாவட்டத்தின் பன்னலவும் அவற்றில் முக்கியமானவை. கட்டுகுருந்த, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாக இருந்த இடம்.

எந்த நாளில், என்ன கட்டணத்தில், எந்த விதிகளுடன் ஓட விடுகிறார்கள் என்பதை ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு அறியுங்கள். எதைக் கழற்ற வேண்டும், எந்த உடுப்பு கட்டாயம் என்பதும் அவர்களைப் பொறுத்து மாறும்.

இந்தச் சிறிய வண்டிகளால் முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டைப் பாதையிலும் கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் டிவிஎஸ் அப்பாச்சி போன்ற வண்டிகளுக்கென்றே தனிப் பந்தயத் தொடர்கள் நடந்திருக்கின்றன. அவை பந்தயத்துக்காக மாற்றப்பட்டவை என்றாலும், அவற்றின் அடிப்படை நம் தோட்டப் பாதைகளில் ஓடும் அதே வண்டிதான்.

முதலில் எதற்குச் செலவழிப்பது?

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வருமானத்தில் நடக்கும் வீட்டில் ஒரு சோடி டயர் என்பது பல நாட்களின் உழைப்பு. எனவே வரிசை முக்கியம்: தலைக்கவசம், பிரேக், டயர், அதன்பிறகு மற்றவை. சத்தமான சைலன்சர், அகலமான ஹேண்டில், எஞ்சினின் வலுவைக் கூட்டும் வேலைகள் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. புதியவர் ஒருவரின் நேரத்தைக் குறைப்பது வண்டியின் குதிரைவலு அல்ல, வளைவில் அவருக்குள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிரேக்கிலும் டயரிலும்தான் இருக்கிறது.

பிரேக்

வேகம் இரு மடங்கானால் வண்டியை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகிறது. வீதியில் 50 கிலோமீற்றரிலிருந்து நிறுத்திப் பழகிய பிரேக், பாதையில் 100 கிலோமீற்றரிலிருந்து மீண்டும் மீண்டும் நிறுத்த வேண்டியிருக்கும்.

முதல் வேலை பிரேக் ஒயிலை மாற்றுவது. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டொட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் குமிழ்கள் உண்டாகி, லீவரை அழுத்தினாலும் அது கைப்பிடி வரை வெறுமனே போய்விடும். நாட்டிலேயே அதிகம் மழை பெறும் பிரதேசங்களில் ஒன்றில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. இரண்டு வருடங்களாக மாற்றாத திரவத்துடன் பாதைக்குப் போகாதீர்கள். வண்டியின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதையே, முத்திரை உடைக்காத புதிய போத்தலில் வாங்குங்கள்.

அடுத்தது பிரேக் பேட். இறக்கங்களில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும் மலையக வண்டிகளில் பேட் சீக்கிரம் தேயும், மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தும் போகும். பாதி தேய்ந்திருந்தாலே மாற்றிவிடுவது நல்லது. பின்சில்லில் டிரம் பிரேக் இருந்தால் கழற்றித் தூசி நீக்கி, ‘ஷூ’வின் தடிப்பைப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

டயர்

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று அர்த்தம். பட்டி ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு வருடங்கள் கடந்த இறப்பர் இறுகிப்போயிருக்கும், தாரைப் பிடிக்காது. வெடிப்பு, ஒட்டு, ஆணி குத்திய இடம் இருந்தால் அந்த டயருடன் ஓடாதீர்கள். ஒரு டயர் வாங்க மட்டுமே பணம் இருந்தால், இரண்டிலும் மோசமானதை மாற்றிவிட்டு, மற்றதும் நல்ல நிலைக்கு வரும்வரை நாளைத் தள்ளிப் போடுங்கள். பந்தயத்துக்கென்று விசேட டயர் தேவையில்லை. சாதாரண வீதி டயர் நல்ல நிலையில் இருந்தால் சரி.

காற்றழுத்தத்தை வீட்டில் பார்த்துவிட்டுப் போவது போதாது. மலையிலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மானியில் அளவு குறைந்து காட்டும். தாழ்நிலத்தின் வெப்பமோ அதைக் கூட்டிக் காட்டும். எனவே பாதைக்குப் போனபின், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் தனி ஓட்டுநருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு வையுங்கள். ஒவ்வொரு சுற்று ஓட்டத்துக்குப் பின்னும் மீண்டும் பாருங்கள். சிறிய அழுத்தமானி ஒன்று சொந்தமாக இருப்பது வீண்செலவல்ல.

எஞ்சினும் காபரேட்டரும்

எஞ்சின் ஒயிலையும் பில்டரையும் புதிதாக மாற்றி, அளவை மேல்கோட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் உச்சச் சுழற்சியில் ஓடும் எஞ்சினில் ஒயில் குறைவாக இருந்தால் சேதம் நிச்சயம். ஒயில் கசிவு இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். உங்கள் ஒயில் உங்களை மட்டுமல்ல, பின்னால் வருபவரையும் விழுத்தும்.

பல்சர் 150 போன்ற காற்றால் குளிரும் வண்டிகளுக்கு அடுத்த பிரச்சினை இல்லை. என்எஸ் 200, ஆர்15 போன்ற ரேடியேட்டர் வண்டிகளில் இருக்கும் பச்சை அல்லது சிவப்பு நிறத் திரவம் தாரில் சிந்தினால் கடுமையாக வழுக்கும். பல பாதைகளில் அதை வடித்துவிட்டு வெறும் நீர் ஊற்றச் சொல்வார்கள். வீடு திரும்பியதும் பழைய வகைத் திரவத்தை மீண்டும் நிரப்ப மறக்காதீர்கள்.

காபரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உயரத்தில் காற்று மெல்லியது. சுமார் 1,880 மீற்றர் உயரமான நுவரெலியாப் பக்கத்தில் ஓடும் வண்டிக்கு கராஜ் பாஸ் பெற்றோலைக் குறைத்து வைத்திருக்கக்கூடும். அதே வண்டி கடற்கரையில், அடர்த்தியான காற்றில் ஓடும்போது பெற்றோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். புறப்படும் முன் அதைத் தொழிற்சாலை அளவுக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரொனிக் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கணினி இதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு செட் ஸ்பானரும் போதும்.

- செயினைச் சுத்தம் செய்து ஒயில் இட்டு, கையேட்டின் அளவுக்குத் தொய்வைச் சரிசெய்யுங்கள். பின் பற்சக்கரத்தின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் செட் முடிந்துவிட்டது.
- முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி ஹேண்டிலை இருபக்கமும் திருப்புங்கள். நடுவில் ‘கொடுக்’ என்று பிடித்தால் கோன்செட்டை மாற்ற வேண்டும். சில்லுகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.
- எக்சிலேட்டரைத் திருப்பிக் கையை விடுங்கள். ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது சட்டென்று மூட வேண்டும்.
- முன் போர்க்கில் ஒயில் கசிகிறதா என்று பாருங்கள்.
- எல்லா நட்டுகளையும் இறுக்கி, அவற்றின் மேல் பெயின்ற் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கோடு விலகியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பாதையில் கண்ணாடிகள், இலக்கத்தகடு, பெட்டி, பக்கக் கம்பிகள் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டும் வளைவில் தரையில் உரசி வண்டியைத் தூக்கிவிடும், எனவே அதுவும் வேண்டாம். முன்விளக்கு, பின்விளக்குகளின் மேல் டேப் ஒட்டுங்கள். உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் பாதையில் சிதறாது.

உடுப்பு

தலைக்கவசத்தில் பேரம் பேசக் கூடாது. முகம் முழுவதும் மூடும் வகையாக, சரியான அளவில், ஈசிஇ போன்ற தரச்சான்று உள்ளதாக இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டது, யாரோ பாவித்தது என்றால் வேண்டவே வேண்டாம்.

தோல் உடுப்பின் விலை மாதக்கணக்கான கூலிக்குச் சமம். ஆண்டுக்கு ஓரிரு நாட்களுக்காக அதை வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து பாவித்த உடுப்பொன்றை வாங்கி மாறிமாறி அணியலாம். வெவ்வேறு குழுக்களில் பதிந்துகொண்டால் ஒரே நாளிலும் இது முடியும். ஆனால் கையுறையும் கணுக்காலை மூடும் சப்பாத்தும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். டெனிம் காற்சட்டை தாரில் ஒரு நொடிகூடத் தாங்காது.

லீசிங்கும் காப்புறுதியும்

இதுதான் பலர் யோசிக்காத இடம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கேயோ போய்விட்டன. தோட்டப் பகுதிகளில் பல வண்டிகள் லீசிங்கில் எடுக்கப்பட்டவை. தவணை முடியும்வரை அந்த வண்டியின் முழு உரிமை உங்களுடையதல்ல.

பெரும்பாலான காப்புறுதி ஒப்பந்தங்கள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டிக்கு எப்போதுமே பணம் தராது. பாதையில் வண்டி நொறுங்கினால், ஓடாத வண்டிக்குத் தவணை கட்ட வேண்டியிருக்கும். வேலைக்குப் போகவும் வழியிருக்காது. எனவே ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இந்த வண்டி நாளை இல்லாமல் போனால் வீடு தாங்குமா? தாங்காது என்றால் தவணை முடியும்வரை பொறுத்திருப்பதே புத்திசாலித்தனம்.

அன்றைய நாள்

பதியும்போது புதியவர் குழுவையே கேளுங்கள். கொடிகளின் அர்த்தத்தை மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, வேகத்தைக் குறைத்து உள்ளே வரவேண்டும். கட்டம் போட்ட கொடி அந்தச் சுற்று முடிந்ததைச் சொல்லும். முதல் இரண்டு சுற்றுகள் டயரைச் சூடாக்க மட்டும். மலைக் குளிருக்குப் பழகிய உடம்புக்குத் தோல் உடுப்புக்குள் கடற்கரை வெயில் கடுமையாக இருக்கும். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். களைப்பு தெரிந்தால் கடைசி ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

குடும்பத்தையோ நண்பர்களையோ அழைத்துப் போனால் அவர்கள் நிற்கும் இடமும் உங்கள் பொறுப்பு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் சிறுமி ஒருவர் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். நன்றாகத் தெரிகிறது என்பதற்காக வளைவின் வெளிப்புறத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

திரும்பும் வழி

செலவுப் பட்டியலில் கடைசியாக வந்தாலும் விட்டுவிடக் கூடாதது போக்குவரத்து. நாள் முழுதும் ஓடிக் களைத்தவர், தேய்ந்த பேட்டுடன், இருட்டில், மழையில் கித்துல்கல வளைவுகளை ஏறி வருவதுதான் அந்த நாளின் மிக ஆபத்தான பகுதி. கழற்றிய கண்ணாடியையும் இலக்கத்தகட்டையும் பூட்டாமல் வீதியில் இறங்குவது சட்டப்படியும் குற்றம். இரண்டு வண்டிகளை ஏற்றக்கூடிய டிமோ பட்டா லொறி ஒன்றை நண்பருடன் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் செலவு பாதியாகும். விழுந்து உடைந்த வண்டியும் அதிலேயே வீடு வந்துசேரும். அதற்குக் காசில்லை என்றால், புதிய சைலன்சருக்கென்று சேர்த்து வைத்த பணத்தை இதற்குக் கொடுங்கள். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போக வண்டியும் வேண்டும், ஆளும் வேண்டும்.