முதுமையில் பதற்றமும் கவனமும்

முதியோரிடம் நீடிக்கும் பதற்றம், எடுத்த காரியத்தில் மனத்தை நிறுத்தும் ஆற்றலைக் குறைக்கிறது. வீட்டார் இதை மறதி என்பார்கள். பல நேரம் மறப்பதற்கே அங்கே எதுவும் இருப்பதில்லை. சொன்னது காதில் விழுந்து, மனத்தில் பதியாமல் போயிருக்கும்.

சேர்வராயன் மலைக் கிராமமொன்றிலிருந்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் மருத்துவமனைக்கு இறங்கும் மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் மாத்திரை வேளையைச் சொல்லும்போது அவர் மனம் ஊர் திரும்பும் கடைசிப் பேருந்திலும், இன்னும் வராத ரத்தப் பரிசோதனை முடிவிலும் இருக்கிறது. வீடு சேர்ந்ததும் காலையில் எது, இரவில் எது என்று தெரியவில்லை. ‘புத்தி மழுங்கிப்போச்சு’ என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

உளவியலாளர் மைக்கேல் ஐசென்க் குழுவினர் 2007-இல் முன்வைத்த கவனக் கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதற்குப் பொருந்தும். கவனத்தை நம் நோக்கம் செலுத்துகிறது. கண்ணிலும் காதிலும் படுவதும் தன்பக்கம் இழுக்கிறது. பதற்றம் கூடினால் இரண்டாவதன் கை ஓங்கும். வேலை ஒருவாறு முடிந்தாலும் மனம் கூடுதலாக உழைத்துக் களைத்துவிடும். வேண்டாததை ஒதுக்கும் திறன் வயதோடு தளர்கிறது என லின் ஹாஷரும் ரோஸ் சாக்ஸும் 1988-இலேயே வாதிட்டனர். மாரா மேதர் பங்கேற்ற 2018 ஆய்வில், மனக்கிளர்ச்சி இளையோரின் கவனத்தை முக்கியமானதன்மேல் கூர்மையாக்கியது. முதியோரிடம் அந்தக் கூர்மை காணப்படவில்லை. காட்டெருமை நடமாட்டம் என்று கேள்விப்பட்ட நாளில், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் முதியவரின் காது புதரின் சலசலப்பில் இருக்கும். கூடையில் பச்சைக்காயும் சேர்ந்து விழக்கூடும்.

நான்சி பச்சானா குழுவினர் 2007-இல் வெளியிட்ட முதியோர் பதற்ற அளவையில் 20 கூற்றுகள். மூப்பின் உடல் நோய்களோடு குழம்பாதிருக்க, உடல் அறிகுறிகள் அதில் குறைவாகவே இடம்பெறுகின்றன. நம் ஊரிலோ கவலை உடல்மொழியில்தான் வெளிப்படும்: ‘நெஞ்சு படபடங்குது’, ‘கையும் ஓடல, காலும் ஓடல’. இவற்றை இதயக் கோளாறாக மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது தவறு. மனச்சோர்வு, காது மந்தம், தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மறதிநோயின் தொடக்கமே சிலரிடம் பதற்றமாகத் தோன்றும். டையசிபம் போன்ற மாத்திரைகள் படபடப்பை அடக்கினாலும் கவனத்தை மேலும் மழுக்கும். தடுமாறி விழவும் வைக்கும்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருபவர் உறக்கத்தையும் கவலையையும் பற்றி இரண்டு வார்த்தை கேட்கலாம். மருத்துவமனையிலும் முதலில் கடைசிப் பேருந்துக்கு நேரமிருக்கிறது என்று சொல்லி, பிறகு ஒவ்வொரு மாத்திரையாகக் காட்டி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கலாம்.